கியாந்தி: ஒரு பெயரும் அதன் விதிகளும்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தியபோது இருபுறமும் கைப்பிடி வைத்த மண்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் ஏற்றிவந்த சாடிகள் அவை. கோஸ் முதலிய கிரேக்கத் தீவுகளின் சாடிகளோடு இத்தாலியின் கம்பானியப் பகுதியைச் சேர்ந்தவையும் அவற்றுள் உண்டு என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலை அவன் பருகி மகிழ்வதாகப் பாடுகிறார். அத்தேறல் எவ்வூர்க் கொடியில் விளைந்தது, யார் பிழிந்தது என்று அவர் கேட்கவில்லை. யவனர் தந்தது என்பதே பெருமைக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு பொருளை அது பிறந்த மண்ணின் பெயரால் மதிப்பது அத்துணைப் பழைய வழக்கம். அந்தப் பெயருக்கு எல்லை வகுத்து, அதற்குள் விளைவது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதியும் எழுதி, அவ்விதிக்கு அடங்காதவற்றை வெளியே நிறுத்தி, இறுதியில் வெளியே நின்றவற்றின் வழிக்கே விதி வந்து சேர்ந்த வரலாறு ஒன்று இத்தாலியில் உண்டு. டஸ்கனி மாநிலத்துச் செந்நிற ஒயினாகிய கியாந்தியின் வரலாறு அது. மதுவிலக்கில் ஊன்றிய மூத்த உறுப்பினர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இந்த உரை கோப்பையைப் பற்றியதன்று. சீசாவின் மேல் ஒட்டப்படும் பெயர்ச்சீட்டைப் பற்றியது. எழுதப்பட்ட விதிகளோடு நாள்தோறும் வழக்காடும் கவிஞர்களுக்கு அது அயலான செய்தியாக இராது.

பிளாரன்சுக்கும் சியெனாவுக்கும் இடையில் கிடக்கும் குன்றுகளே கியாந்தி. ராத்தா, கயோலே, காஸ்தெல்லீனா என்னும் மூன்று ஊர்கள் அதன் பழைய நடுப்பகுதி. இடைக்காலத்தில் இரு நகரங்களும் அந்தக் குன்றுகளுக்காக ஓயாமல் போரிட்டன. எல்லையை முடிவு செய்ய அவை ஒரு பந்தயம் வைத்ததாக ஒரு கதை வழங்குகிறது. விடியற்காலைச் சேவல் கூவியதும் இரு நகரங்களிலிருந்தும் குதிரைவீரர் புறப்பட வேண்டும். சந்திக்கும் இடமே எல்லை. சியெனாவினர் தங்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி வைத்தனராம். பிளாரன்சு மக்களோ ஒரு கருஞ்சேவலைப் பட்டினி போட்டனர். பசித்த சேவல் பொழுது புலருமுன்பே கூவிவிட்டது. பிளாரன்சு வீரன் வெகுதொலைவு ஓடிவந்து, சியெனாவுக்கு அண்மையில் உள்ள பொந்தேரூத்தொலியில் எதிராளியைச் சந்தித்தான். கியாந்தி ஏறத்தாழ முழுவதும் பிளாரன்சுக்குப் போயிற்று. கதை கதைதான். ஆனால் அந்த ஊர்களின் பழைய கூட்டமைப்புக்குக் கருஞ்சேவல் சின்னமாக இருந்தது உண்மை. பிளாரன்சின் பழைய அரண்மனைப் பெருமண்டபத்தின் மேற்கூரையில் ஜார்ஜோ வசாரி அதைத் தீட்டியிருக்கிறார். பசித்தவனே முதலில் கூவுவான் என்பதை அந்நாட்டார் அறிந்தே சின்னம் தேர்ந்தார்கள் போலும்.

ஒயினுக்குக் கியாந்தி என்ற பெயர் வழங்குவதற்கு அறியப்பட்ட மிகப் பழைய எழுத்துச் சான்று 1398-ஆம் ஆண்டினது. அதில் குறிக்கப்படுவது வெள்ளை ஒயின். பின்னாளில் இதே பெயரின் தூய்மையைக் காப்பதற்காக எத்தனை ஆணைகள் பிறந்தன என்பதை எண்ணும்போது, இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் ஆணை 1716-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பிறந்தது. டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ, கியாந்தி, பொமீனோ, கார்மிஞானோ, மேல் ஆர்னோ பள்ளத்தாக்கு ஆகிய நான்கு பகுதிகளுக்கும் எல்லை வரையறுத்தான். எந்தச் சாலை முதல் எந்த ஊர் வரை என்று ஆணை விளக்கிச் சொன்னது. எல்லைக்கு வெளியே விளைந்ததை அந்தப் பெயரில் விற்பது குற்றமாயிற்று. ஒயின் விளையும் நிலங்களுக்குச் சட்டத்தால் எல்லை கட்டிய முயற்சிகளுள் உலகின் மிகப் பழையவற்றில் ஒன்று இது. என்ன திராட்சை, எந்த அளவில், எப்படிப் பிழிவது என்பதையெல்லாம் அவ்வாணை தொடவில்லை. எங்கே என்பதோடு நின்றது. அந்த மன்னனை வரலாற்று ஆசிரியர்கள் அவ்வளவாகப் போற்றுவதில்லை. எனினும் இந்த ஒரு செயலில் அவன் காட்டிய அடக்கம் பின்வந்த அதிகாரிகளுக்கு வாய்க்கவில்லை.

என்ன திராட்சை என்ற கேள்விக்கு விடை எழுதியவர் பெத்தீனோ ரிகாசோலி. காவூர் மறைந்தபின் 1861-இல் ஒன்றுபட்ட இத்தாலியின் தலைமை அமைச்சராக அமர்ந்தவர். இரும்புப் பிரபு என்று பெயர் எடுத்தவர். அரசியலை விட்ட நேரமெல்லாம் கயோலேயை அடுத்த பிரோலியோ கோட்டையில் திராட்சைக் கொடிகளோடும் பீப்பாய்களோடும் கழித்தார். எந்தக் குலையை எதனோடு சேர்த்தால் என்ன விளைகிறது என்று பல்லாண்டுகள் சோதித்துப் பார்த்தார். 1872 செப்டம்பரில் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் சேசரே ஸ்துதியாத்திக்கு அவர் எழுதிய கடிதத்தில் அந்தச் சோதனைகளின் முடிவு இருக்கிறது.

அதன் சாரம் இது. ஒயினின் மணமும் வலிமையும் சாஞ்சோவேசே என்னும் கருந்திராட்சையிலிருந்து வருகின்றன. அதன் கடுமையைக் கனாயோலோ என்னும் மற்றொரு கருந்திராட்சை தணிக்கிறது, மணத்தைக் குறைப்பதில்லை. மல்வசீயா என்னும் வெள்ளைத் திராட்சை இவ்விரண்டின் விளைவையும் நீர்க்கச் செய்கிறது. சுவையை உயர்த்தினாலும் ஒயினை இலேசாக்கி, அன்றாடம் உணவோடு உடனே பருகத் தக்கதாக்குகிறது. ஆகவே நெடுநாள் வைத்து முதிரவிடும் ஒயினில் அதைச் சேர்க்காமல் விடுவதே நன்று.

இக்கடிதத்தில் இரண்டு ஒயின்கள் இருப்பதைக் காணலாம். ஒன்று நின்று முதிர்வது. மற்றொன்று அன்றன்றைக்கு உரியது. முதலாவதற்கு வெள்ளைத் திராட்சை வேண்டா. இரண்டாவதற்கு வேண்டுமானால் சேர்க்கலாம். இது ஒரு விளைவிப்பாளர் தாம் கண்டதைச் சொல்லிய சொல். ஆணையன்று. இலக்கியம் கண்டபின் இலக்கணம் என்ற முறையில் பிறந்தது. பிற்காலத்தார் இதற்கு 'ரிகாசோலியின் சூத்திரம்' என்று பெயர் வைத்தனர். சூத்திரம் ஆனபோது அந்த இரண்டு ஒயின்களும் ஒன்றாகிவிட்டன.

அது நிகழ்ந்த விதத்தை அறிய அந்நாட்டு உழவு முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். டஸ்கனியின் நிலங்கள் பல நூற்றாண்டுகளாகப் பாதி வாரத்தில் பயிரிடப்பட்டன. விளைவில் பாதி நிலக்கிழாருக்கு, பாதி குடியானவனுக்கு. ஒரே வயலில் கோதுமையும் ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் கலந்து நின்றன. கொடி மரத்தின் மேல் படர்ந்தது. பாதியைக் கொடுத்துவிட்டு மீதியில் குடும்பம் நடத்துபவன் குலையின் எடையைப் பார்ப்பானே தவிர மணத்தைப் பார்க்க மாட்டான். திரெப்பியானோ என்னும் வெள்ளைத் திராட்சை எங்கும் வளரும், ஏராளமாகக் காய்க்கும், சுவை சொற்பம். அது வயல்களில் பெருகியது. ரிகாசோலி குறிப்பிட்ட மல்வசீயாவின் இடத்தையும் அதுவே பிடித்துக்கொண்டது. இதில் குடியானவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கிடையில் பெயருக்குச் சந்தையில் மதிப்பு உயர்ந்தது. வைக்கோல் சுற்றிய குண்டு வயிற்றுக் குப்பியில் கியாந்தி உலகெங்கும் சென்றது. பெயர் பெருகவே பக்கத்துக் குன்றுகளெல்லாம் தம்மையும் கியாந்தி என்று அழைத்துக்கொள்ளலாயின. 1924 மே 14-ஆம் நாள் ராத்தாவில் 33 விளைவிப்பாளர்கள் கூடி, பெயரைக் காக்க ஒரு சங்கம் நிறுவினர். கருஞ்சேவலைச் சின்னமாகக் கொண்டனர். எட்டே ஆண்டுகளில், 1932-இல், அரசு ஒரு தீர்ப்புச் சொன்னது. அது அவர்கள் கேட்டதற்கு நேர்மாறானது. கியாந்தி என்ற பெயர் ஏழு பகுதிகளுக்குப் பங்கிடப்பட்டது. பீசாவின் குன்றுகளும் அரேத்சோவின் குன்றுகளும்கூட உரிமை பெற்றன. பழைய நிலத்தையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் கொண்ட பகுதிக்குக் 'கிளாசிக்கோ' என்ற அடைமொழி ஆறுதலாகக் கிடைத்தது. தன் வீட்டுக்கே அடைமொழி போட்டுக்கொள்ள வேண்டிய நிலை. அந்தப் புண் இன்னும் முழுதும் ஆறவில்லை.

1963-இல் ஒயின்களின் பிறப்பிடப் பெயர்களுக்கான சட்டம் இத்தாலியில் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விதிநூல் எழுதப்பட வேண்டும்: எந்த எல்லை, எந்தத் திராட்சை, எவ்வளவு விளைச்சல், எத்தனை திங்கள் முதிர்வு என்று. கியாந்தியின் விதிநூல் 1967-இல் வெளிவந்தது. சாஞ்சோவேசே 50 முதல் 80 விழுக்காடு. கனாயோலோ 10 முதல் 30. திரெப்பியானோ, மல்வசீயா ஆகிய வெள்ளைத் திராட்சைகள் 10 முதல் 30.

இந்தக் கடைசி எண்களில் கவனம் வைக்க வேண்டும். 30-க்கு மேல் கூடாது என்பது புரிகிறது. ஆனால் 10-க்குக் குறையவும் கூடாது. ஒயினில் நீர் கலப்பது குற்றம்; ஒயினை நீர்க்கச் செய்யும் திராட்சையைக் கலக்காமல் விடுவதும் குற்றம். வயலில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதிய விதி அது. வறுமையாலும் வழக்கத்தாலும் நேர்ந்த ஒன்று மரபு என்ற பெயரில் கட்டாயமாயிற்று. ரிகாசோலியின் கடிதத்தைச் சான்று காட்டியவர்கள் அதன் முற்பாதியைப் படித்து, பிற்பாதியை மடித்து வைத்துவிட்டார்கள்.

விதி எழுதப்பட்ட வேளையும் பொல்லாதது. 1964-இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. குடியானவர் நிலத்தை விட்டு நகரத்துத் தொழிற்சாலைகளை நாடினர். வெறிச்சோடிய வயல்களில் ஐரோப்பியப் பொதுச் சந்தையின் உதவித் தொகையோடு புதிய கொடிகள் நடப்பட்டன. தரத்தைவிட விளைச்சலே கருதித் தேர்ந்த கொடிகள் பல. வெளிறிய நிறமும் புளிப்பும் மிஞ்சிய ஒயின் குண்டுக் குப்பிகளில் மலிந்தது. எல்லாம் விதிப்படியே நடந்தன. கியாந்தி என்ற பெயர் மலிவின் மறுபெயரானது அந்த ஆண்டுகளில்தான்.

இனி வெளியேறியவர்களைப் பார்க்கலாம். 1385-இலேயே பிளாரன்சின் ஒயின் வணிகர் கழகத்தில் இடம்பெற்ற குடும்பம் அந்தினோரி. அக்குடும்பத்தின் பியேரோ அந்தினோரி, ஜாக்கோமோ தாக்கிஸ் என்னும் ஒயின் வல்லுநரின் துணையோடு தின்யானெல்லோ என்ற தம் தோட்டத்து ஒயினைச் சிறிய ஓக் பீப்பாய்களில் முதிரவைத்தார். 1970-ஆம் ஆண்டு விளைச்சல் கியாந்தி கிளாசிக்கோ என்ற பெயரிலேயே வந்தது. 1971-ஆம் ஆண்டு விளைச்சலுக்கு அவர் அந்தப் பெயரை நீக்கிவிட்டார். 1975-இலிருந்து வெள்ளைத் திராட்சை முற்றிலும் நின்றது. விதிக்குப் புறம்பான ஒயினுக்குச் சட்டத்தில் இருந்த ஒரே இடம் 'மேசை ஒயின்' என்ற கடைசிப் படி. அந்தக் கடைசிப் படியில் நின்றுகொண்டு மேற்படியில் உள்ளவற்றைவிடப் பன்மடங்கு விலைக்கு அது விற்றது. டஸ்கனியின் கடற்கரையில் போல்கெரி ஊரில் விளைந்த சஸ்ஸிகாயா, 1968 விளைச்சல் முதல் இதே வழியில் விற்பனைக்கு வந்திருந்தது; அதன் திராட்சை பிரான்சிலிருந்து வந்த கபெர்னே. ஆங்கில எழுத்தாளர்கள் இவற்றைச் 'சூப்பர் டஸ்கன்' என்று அழைக்கத் தொடங்கினர்.

அந்தினோரியின் துணிவைப் போற்றுவோர் பலர். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவருக்குக் கியாந்தி என்ற பெயர் போனாலும் அந்தினோரி என்ற பெயர் இருந்தது. ஆறு நூற்றாண்டுப் பெயர். ஐந்து ஏக்கர்க் கொடி வைத்திருந்த சிறு உழவனுக்கோ கியாந்தி ஒன்றே பெயர். அதை விட்டால் அவன் சரக்கு பெயரற்ற பீப்பாயாகத் தரகனிடம் போக வேண்டியதுதான். அவன் விதிக்குப் பணிந்து, தன் நல்ல கருங்குலையோடு நூற்றுக்குப் பத்து வெள்ளைக் குலையைக் கலந்தான். விதி பொதுவாகவே எழுதப்பட்டது. அதை மீறும் வசதி மட்டும் பொதுவாக இல்லை. புகழ் பெற்ற மீறல்களைப் பேசுகிற கட்டுரைகளில் இந்தச் சிறு உழவன் பெரும்பாலும் வருவதில்லை.

மீறியவர்கள் அனைவரும் ஒரே வழியில் சென்றவர்களும் அல்லர். ஒரு சாரார் கபெர்னே, மெர்லோ முதலிய பிரெஞ்சுத் திராட்சைகளைச் சேர்த்தனர். தின்யானெல்லோவிலும் 1982 முதல் கபெர்னே வகைகள் இரண்டும் சேர்ந்து 20 விழுக்காடு. இது வேறு சுவை. இதற்கு வேறு பெயர் வைத்தது முறையென்றே தோன்றும். மற்றொரு வழியின் தலைவர் சேர்ஜோ மனெத்தி. எஃகுத் தொழில் நடத்தியவர். 1967-இல் ராத்தாவில் மொந்தேவெர்தினே என்ற பண்ணையை ஓய்விடமாக வாங்கி, நாளடைவில் தொழிலைத் துறந்து அங்கேயே தங்கிவிட்டார். ஜூலியோ கம்பெல்லி என்னும் சுவைவல்லவரின் அறிவுரையோடு, 1977-இல் சாஞ்சோவேசே ஒன்றை மட்டுமே கொண்டு 'லே பேர்கொலே தோர்த்தே' என்னும் ஒயினைச் செய்தார். வளைந்த பந்தல்கள் என்பது அப்பெயரின் பொருள். ஓவியர் அல்பெர்த்தோ மன்பிரேதி தீட்டிய பெண் முகங்கள் அதன் பெயர்ச்சீட்டை அலங்கரித்தன.

இதில் அயல் திராட்சை ஒரு துளியும் இல்லை. விளைந்த இடமோ 1716-இன் ஆணை வரைந்த எல்லையின் நட்டநடு. மண்ணும் கொடியும் கியாந்திக்கே உரியவை. ஆயினும் அது கியாந்தி ஆகாது. காரணம், அதில் நீர்ப்பு இல்லை. 1981-இல் மனெத்தி சங்கத்தை விட்டே விலகினார். விதிக்கும் அது காக்க வந்த பொருளுக்கும் இடையிலான தொலைவை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுவதில்லை.

சட்டம் மெல்ல நகர்ந்தது. 1984-இல் கியாந்தி இத்தாலியின் மிக உயர்ந்த தகுதிநிலையைப் பெற்றது. சோதனைக் குழுவின் சுவைத்தேர்வும் எண்ணிட்ட முத்திரைச் சீட்டும் கட்டாயமாயின. கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சையின் அளவு 2 முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது. அந்த 2 விழுக்காட்டை நினைத்தால் சிரிப்பு வரும். சுவைக்கு அதனால் ஒன்றும் நேராது. மரியாதைக்காக எஞ்சிய எண் அது. தவறு என்று ஒப்புக்கொள்ளாமல் திருத்திக்கொள்ளும் அலுவலக வழக்கம் எந்நாட்டிலும் ஒன்றுபோலும். 1992-இல் வேளாண் அமைச்சர் ஜொவான்னி கோரியாவின் பெயரால் வழங்கும் சட்டம், மேசை ஒயினுக்கு மேலே ஒரு புதிய படியை அமைத்து, வெளியேறியவர்களுக்கு மதிப்பான இடம் கொடுத்தது. 1996-இல் கிளாசிக்கோ தனி விதிநூல் பெற்றபோது, சாஞ்சோவேசே நூற்றுக்கு நூறும் இருக்கலாம் என்ற சொல் முதன்முறையாக ஏறியது. 2006-ஆம் ஆண்டு விளைச்சல் முதல் வெள்ளைத் திராட்சை அறவே தடை செய்யப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குள் கட்டாயம் குற்றமாயிற்று.

சேவலுக்கும் ஒரு சோதனை வந்தது. அமெரிக்காவில் கல்லோ என்ற குடும்பப் பெயருடைய பெரிய ஒயின் நிறுவனம் வழக்கிடவே, 'கல்லோ நேரோ', அதாவது கருஞ்சேவல் என்ற சொற்களை அந்நாட்டில் சங்கம் பயன்படுத்த முடியாமல் போயிற்று. சேவல் படம் மட்டும் தப்பியது. 2005 முதல் எல்லாக் கியாந்தி கிளாசிக்கோ சீசாக்களிலும் அது நிற்கிறது.

இன்றைய கிளாசிக்கோ விதிநூலின்படி சாஞ்சோவேசே குறைந்தது 80 விழுக்காடு. எஞ்சிய 20-இல் உள்நாட்டுக் கருந்திராட்சையும் சேரலாம், கபெர்னேயும் மெர்லோவும் சேரலாம். ஒரு ஹெக்டேருக்கு 7.5 டன்னுக்கு மேல் விளைச்சல் கூடாது. 'ரிசெர்வா' எனும் வகை 24 திங்கள் முதிர வேண்டும். 2014-இல் அறிமுகமான 'கிரான் செலெத்சியோனே' எனும் மேல்வகைக்கு 30 திங்கள். திராட்சை முழுவதும் விளைவிப்பாளரின் சொந்தத் தோட்டத்தினது. கிளாசிக்கோவுக்கு வெளியே, பொதுவான கியாந்தியில், 10 விழுக்காடு வரை வெள்ளைத் திராட்சை சேர்க்க இன்றும் இடமுண்டு, கட்டாயமில்லை. அன்றாடம் பருகும் இலேசான ஒயினுக்கு அது பொருந்தும் என்று ரிகாசோலியே சொல்லியிருக்கிறார். அவருடைய இரண்டு ஒயின்களும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் மறுபடி பிரிந்து நிற்கின்றன.

பூசல் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. வெள்ளைத் திராட்சை போன வாயிலின் வழியே மெர்லோ வந்துவிட்டது என்று வருந்துவோர் அங்கு உண்டு. அது சாஞ்சோவேசேயின் வெளிறிய செம்மையையும் கூரிய புளிப்பையும் மூடி, எந்நாட்டுக்கும் உரிய ஒரு கருமையைத் தருகிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை மிகுதி. 2021-இல் சங்கம் கூடி, கிரான் செலெத்சியோனேயில் சாஞ்சோவேசே குறைந்தது 90 விழுக்காடு இருக்க வேண்டும், எஞ்சியவையும் உள்நாட்டுத் திராட்சைகளாகவே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. அதோடு கிளாசிக்கோ நிலத்தைப் பதினொரு சிறு பகுதிகளாக வகுத்து, அவற்றின் பெயரைச் சீட்டில் பொறிக்கவும் இசைந்தது. ராத்தா அவற்றுள் ஒன்று. மூன்றாம் கோசிமோ கேட்ட 'எங்கே' என்ற கேள்வி முந்நூறு ஆண்டு கழிந்து இன்னும் நுட்பமாகக் கேட்கப்படுகிறது.

சேர்ஜோ மனெத்தி 2000-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய ஒயினின் கலவை இன்றைய விதிக்குச் சிறிதும் மாறுபட்டதன்று. விண்ணப்பித்தால் பெயர் கிடைக்கத் தடையிருக்காது. ராத்தாவின் குன்றில் அதே சாஞ்சோவேசேயிலிருந்து அவர் குடும்பம் அதைத் தொடர்ந்து செய்து வருகிறது. பெயர்ச்சீட்டில் பெண் முகம் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, டஸ்கனி என்ற சொல் இருக்கிறது. கியாந்தி என்ற சொல் இல்லை.